ஜேம்ஸை எதிர்த்துச் சிறை போன பிஷப், அதே ஜேம்ஸுக்காகப் பதவியை இழந்தது ஏன்?

1688-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸின் ஆணையை ஏற்க மறுத்துச் சிறைக்குப் போன ஏழு பிஷப்புகளில் தாமஸ் கென்னும் ஒருவர். அடுத்த ஆண்டே, ஜேம்ஸ் ஓடிப்போனபின் வந்த புது அரசருக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று சொல்கிறார், அதனால் பதவியையும் இழக்கிறார். எதிர்த்தவருக்காகவே எல்லாவற்றையும் விட்டது முரண்பாடு இல்லையா, இல்லை வெறும் பிடிவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். முரண்பாடே இல்லை என்பதுதான் என் பதில். ஒரே கொள்கையின் இரண்டு பாதிகள் அவை. அது புரிய வேண்டுமானால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்க்க வேண்டும், அதனால் பதில் நீளும்.

கொள்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்து திருச்சபையில் கென் போன்றவர்கள் நம்பியது இது: அரசர் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவர், அவருக்கு எதிராகக் கையை உயர்த்தக் கூடாது. ஆனால் அவர் சொல்வதையெல்லாம் செய்தே ஆக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கடவுளுக்கோ நாட்டுச் சட்டத்துக்கோ விரோதமாக அரசர் ஒன்றைச் சொன்னால், செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு அதற்கான தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுக்கலாம், கலகம் செய்யக் கூடாது. பலர் இதில் இரண்டாவது பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அரசருக்கு ஆமாம் போட்டார்கள், வேறு பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 1688-இல் புரட்சிப் பக்கம் போனார்கள். கென் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார், அதுதான் அவருக்கு வினையாக வந்தது.

1637-இல் ஹர்ட்ஃபர்ட்ஷயரில் பிறந்தவர், அப்பா வழக்கறிஞர். சிறு வயதிலேயே அம்மாவை இழந்தார். அப்பாவின் முதல் தாரத்து மகளான அக்கா ஆனைக் கல்யாணம் செய்துகொண்டவர் ஐசக் வால்டன், தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அதே வால்டன்தான். அக்கா வீட்டு நிழலில்தான் வளர்ந்தார் என்று சொல்லலாம். 1649-இல் அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியபோது கென்னுக்குப் பதினோரு வயது. அரசனைக் கொன்ற நாட்டில், உள்நாட்டுப் போரின் புழுதி அடங்காத காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை, கலகம் என்ற சொல்லைக் கேட்டாலே ஏன் நடுங்கியது என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். வின்செஸ்டர் பள்ளியில் படித்தார். அங்கே கிளாய்ஸ்டர் என்ற தூண் தாழ்வாரத்துக் கல்லில் தன் பெயரையும் 1656 என்ற ஆண்டையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார், இன்றைக்கும் அது இருக்கிறது. பிறகு ஆக்ஸ்ஃபர்ட், குருப்பட்டம், எஸ்ஸெக்ஸிலும் வைட் தீவிலும் சின்னச் சின்ன கிராமச் சர்ச்சுகளில் குருப்பணி. அப்புறம் திரும்பவும் வின்செஸ்டர்.

வின்செஸ்டர் பையன்களுக்காக 1674-இல் ஒரு ஜெபக் கையேடு எழுதினார். காலையில் எழும்போது, இரவில் படுக்கும்போது, நடுராத்திரி விழிப்பு வந்தால் பாட என்று அந்தக் கையேட்டுக்கு மூன்று பாட்டுகள் எழுதினார் (1695 பதிப்பில்தான் அவை அதோடு சேர்ந்து வந்தன). மூன்றுக்கும் கடைசிச் சரணம் ஒன்றே, பிதா சுதன் பரிசுத்த ஆவியைத் துதிக்கும் நாலே வரி. அந்த நாலு வரிதான் இன்றைக்கு உலகம் முழுக்க 'டாக்ஸாலஜி' என்று பாடப்படுகிறது. நம்மூர்ச் சர்ச்சுகளில் ஆங்கில ஆராதனைக்குப் போனவர்கள் எத்தனையோ முறை எழுந்து நின்று அதைப் பாடியிருப்பார்கள், எழுதியவர் சிறையில் இருந்தவர் என்று தெரியாமலேயே. கென் நன்றாகப் பாடுவார், லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பார், விடிவதற்கு முன்பே எழுந்து பாடிவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவார் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அரசர்களிடம் வருவோம். இந்த மனிதர் யாரிடமும் முகத்துக்காக நடந்துகொண்டதில்லை என்பதற்கு 1688-க்கு முன்பே மூன்று சம்பவங்கள் இருக்கின்றன.

1679-இல் ஹாலந்தில் ஹேக் நகரில் இளவரசி மேரிக்குச் சாப்ளினாக, அதாவது அவருடைய குருவாக, அனுப்பப்பட்டார். மேரியின் கணவர்தான் ஆரஞ்சு வில்லியம், பின்னாளில் இங்கிலாந்து அரசரானவர். வில்லியமின் உறவுக்காரப் பிரபு ஸைல்ஸ்டைன் என்பவர், மேரியின் பணிப்பெண் ஒருத்திக்குக் கல்யாண வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிடுவார் போலிருந்தது. கென் அந்தப் பிரபுவைப் பிடித்துப் பேசி, அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொள்ள வைத்துவிட்டார். வில்லியமுக்குக் கடுங்கோபம், வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். கென் தானே போய்விடுகிறேன் என்று சொல்ல, வில்லியம்தான் இறங்கி வந்து இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த நெல் க்வின் கதை. 1683-இல் இரண்டாம் சார்லஸ் வின்செஸ்டருக்குப் பரிவாரத்தோடு வந்தார். கென்னுக்குக் கதீட்ரல் பக்கத்தில் ஒரு வீடு உண்டு. அரசரின் ஆசைநாயகியான நடிகை நெல் க்வின் தங்க அந்த வீட்டைக் கேட்டு ஆள் வந்தது. முடியாது என்றுவிட்டார், அரசரின் ராஜ்யத்தையே கொடுத்தாலும் இல்லை என்று சொன்னதாகப் பேச்சு. வீட்டைப் பழுதுபார்க்கிறோம் என்று கூரையையே பிரித்துவிட்டார் என்றும் அந்த ஊரில் ஒரு கதை உண்டு. கூரைக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, மறுத்தது உண்மை.

மூன்றாவது டான்ஜியர். மொராக்கோ கரையிலுள்ள இந்தத் துறைமுகமும் நம் பம்பாயும் ஒரே சீதனத்தில் இங்கிலாந்துக்கு வந்தவை, போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் சார்லஸுக்கு வாழ்க்கைப்பட்டபோது. பம்பாயை வைத்துக்கொண்டார்கள், டான்ஜியரைக் காப்பாற்றச் செலவு தாங்கவில்லை, 1683-இல் அதைக் காலி செய்யக் கப்பற்படை போனது, கென் அதில் சாப்ளின். நாட்குறிப்பு எழுதிப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் அதே கப்பலில். ஆவிகள் உண்டா இல்லையா என்று இருவரும் சாப்பாட்டு மேஜையில் வாதாடியதைப் பீப்ஸ் எழுதி வைத்திருக்கிறார். டான்ஜியர் கவர்னர் கர்னல் கர்க் கொடூரத்துக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் பெயர் வாங்கியவர். அந்த ஊரில் நடக்கும் அக்கிரமங்களைக் கண்டித்துக் கென் அங்கேயே பிரசங்கம் செய்தார். கர்க்கின் பெயர் இன்னொரு முறை வரும்.

நாடு திரும்பிய சில மாதங்களில் பாத் அண்ட் வெல்ஸ் திருமண்டலத்துக்குப் பிஷப் இடம் காலியாகிறது. சிபாரிசோடு பலர் நின்றார்கள். சார்லஸ் சொன்னது: நெல்லிக்கு இடம் தர மாட்டேன் என்ற அந்தக் கறுத்த குட்டை மனிதரைத் தவிர வேறு யாருக்கு இது? சார்லஸைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. தனக்கு மறுப்புச் சொன்னவரை அடையாளம் கண்டு உயர்த்துகிற ஆட்சியாளர்கள் எந்தக் காலத்திலும் அதிகம் இல்லை. 1685 ஜனவரி 25-இல் லாம்பெத்தில் பட்டாபிஷேகம். புது பிஷப் பெரிய விருந்து போடுவது வழக்கம். கென் விருந்தை நிறுத்தி, அந்த 100 பவுண்டைத் தீயில் எரிந்துபோன செயின்ட் பால் கதீட்ரலைத் திரும்பக் கட்டக் கொடுத்துவிட்டார்.

பட்டம் வாங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் சார்லஸ் மரணப் படுக்கையில் விழுந்தார். கென் படுக்கையை விட்டு நகரவில்லை. ஆசைநாயகி போர்ட்ஸ்மத் சீமாட்டி அறையில் இருக்க, அரசி வெளியே நிற்பது முறையல்ல என்று சொல்லி அரசியை உள்ளே வரவழைத்தார். நற்கருணை வாங்கிக்கொள்ளும்படி திரும்பத் திரும்பக் கேட்டார், சார்லஸ் பிடிகொடுக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அன்றிரவே ஒரு கத்தோலிக்கக் குருவைப் பின்வழியாகக் கொண்டுவந்து, சார்லஸ் கத்தோலிக்கராகச் செத்தார். தம்பி ஜேம்ஸ் வெளிப்படையான கத்தோலிக்கர், அவர் அரசரானார். முடிசூட்டு விழாவில் அரசருக்கு இரு பக்கமும் டர்ஹம் பிஷப்பும் பாத் அண்ட் வெல்ஸ் பிஷப்பும் நடந்து வருவது தொன்றுதொட்ட உரிமை, 2023-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டிலும் அப்படித்தான். ஆக 1685 ஏப்ரலில் ஜேம்ஸின் பக்கத்தில் நடந்தவர் கென். ஜேம்ஸுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கென் செய்த சத்தியத்தை எங்கோ ஓர் அலுவலகத்தில் போட்ட கையெழுத்தாக நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதரின் தலையில் கிரீடம் ஏறியதைக் கூட நின்று பார்த்தவர் அவர்.

அதே கோடையில் மன்மத் கலகம். சார்லஸின் முறைபிறவா மகன் மன்மத் பிரபு, புராட்டஸ்டண்ட் அரசன் நானே என்று தென்மேற்குக் கரையில் வந்து இறங்கினார். அவர் பின்னால் திரண்டவர்கள் சாமர்செட் விவசாயிகளும் நெசவாளிகளும், அதாவது கென்னின் சொந்த மந்தை. அவர்கள் வெல்ஸ் கதீட்ரலுக்குள் புகுந்து, கூரை ஈயத்தை உருவித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள், சிலைகளை உடைத்தார்கள். ஜூலை 6-இல் செட்ஜ்மூர் சமவெளியில் அரசப்படை அவர்களை நசுக்கியது. பிடிபட்டவர்களை விசாரணையில்லாமல் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? டான்ஜியரிலிருந்து வந்த அதே கர்க். போர் முடிந்தபின் விசாரணையில்லாமல் கொல்வது சட்டத்தின் கண்ணில் கொலை என்று படைத்தலைவரிடமே கென் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. மன்மத் பிரபு தலைவெட்டுக்குப் போனபோது மேடைவரை உடன்போன குருமார்களில் கென்னும் ஒருவர்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம். சிறைகளில் ஆயிரத்துக்கும் மேல் கைதிகள் அடைந்து கிடந்தார்கள், ஜெஃப்ரீஸ் நீதிபதி வந்து கும்பல் கும்பலாகத் தூக்குத் தண்டனை கொடுத்தார், நூற்றுக்கணக்கானவர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொத்தடிமைகளாக ஏற்றினார்கள். கலகம் மகாபாவம் என்று மனதார நம்பிய பிஷப், தன் கதீட்ரலையே நாசம் செய்தவர்களுக்கு, இரவும் பகலும் சிறை சிறையாகப் போய்ச் சாப்பாடும் துணிமணியும் கொடுத்தார். தன் கையிலிருந்ததைக் கொடுத்தார், மற்றவர்களையும் கொடுக்க வைத்தார். அவர்கள் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பசித்தவன் குற்றவாளியா என்று கேட்டுவிட்டுச் சோறு போடுகிற பழக்கம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். வெல்ஸ் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு ஏழைகளைத் தன் மேஜையிலேயே உட்காரவைத்துச் சாப்பிடுவார். குத்தகை ஒன்றில் 4,000 பவுண்டு கைக்கு வந்தபோது அதில் பெரும்பகுதியைப் பிரான்ஸிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஹ்யூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்) அகதிகளுக்குத் தந்துவிட்டார்.

இப்போது 1688. ஜேம்ஸ் தன் மதச் சலுகை அறிவிப்பை இரண்டாம் முறை வெளியிட்டு, எல்லாச் சர்ச்சுகளிலும் ஆராதனை நடுவே வாசிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கத்தோலிக்கருக்கும் திருச்சபைக்கு வெளியே இருந்த புராட்டஸ்டண்டுகளுக்கும் எதிரான தண்டனைச் சட்டங்களை அது நிறுத்தி வைத்தது. இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய கண்ணுக்கு அறிவிப்பு நல்லதாகத் தெரியும், பிஷப்புகள் மத சுதந்திரத்தை எதிர்த்தவர்கள் போலத் தெரிவார்கள். அவர்களில் சிலருக்குக் கத்தோலிக்க வெறுப்பு இருந்ததும் உண்மை. ஆனால் வாசிக்க மறுத்து அரசருக்குக் கொடுத்த மனுவில் அவர்கள் எழுதிய காரணம் வேறு: மாற்றுச் சபையினர்மேல் எங்களுக்குக் கரிசனம் இல்லாமல் இல்லை, ஆனால் பாராளுமன்றம் போட்ட சட்டத்தை அரசர் தனியாக நிறுத்தி வைக்க முடியும் என்ற அதிகாரமே சட்டவிரோதம் என்று பாராளுமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, அதைக் கர்த்தருடைய வீட்டில் எங்கள் வாயால் வாசிக்க முடியாது. நல்ல நோக்கத்துக்காக இன்று சட்டத்தை ஓரங்கட்டுகிற அரசர் நாளைக்கு எதை ஓரங்கட்டுவார் என்ற பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

மே 18, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் ஆறு பிஷப்புகள் படகேறி ஒயிட்ஹால் அரண்மனைக்குப் போனார்கள். ஏழாவது ஆளான ஆர்ச்பிஷப் சான்க்ராஃப்ட்டுக்கு அரண்மனைக்குள் வரத் தடை இருந்ததால் மனுவைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். ஜேம்ஸ் வாங்கிப் பார்த்து, இது ஆர்ச்பிஷப் கையெழுத்து என்றார். படித்துக்கொண்டே போகப் போக முகம் மாறியது. இது கலகக் கொடி என்றார், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிரிஸ்டல் பிஷப் ட்ரெலானி முழங்காலில் விழுந்து, எங்கள் குடும்பத்தில் யாரும் கலகக்காரன் ஆக முடியாது என்று கெஞ்சினார். கென் பேசியது சில வார்த்தைதான். எல்லா மனிதர்களுக்கும் தருகிற மனச்சாட்சி சுதந்திரத்தை எங்களுக்கும் தருவீர்கள் என்று நம்புகிறேன் என்றார். உங்களை மதிக்கிறோம், கடவுளுக்குப் பயப்படுகிறோம் என்ற பதிலும் அந்த அறையில் சொல்லப்பட்டதுதான். கலகம் என்ற குற்றச்சாட்டு இந்த மனிதர்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை, 1649-ஐப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

மனு அன்றிரவே அச்சாகி லண்டன் தெருவுக்கு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை லண்டனில் விரல்விட்டு எண்ணக்கூடிய சர்ச்சுகளில்தான் அறிவிப்பை வாசித்தார்கள். ஜூன் 8-இல் ராஜதுரோக அவதூறு என்று ஏழு பேர்மேலும் வழக்கு. பிரபுக்கள் சபை உறுப்பினர்கள் என்ற முறையில் பிணைப்பத்திரம் எழுதித் தர மாட்டோம் என்றார்கள், அதனால் லண்டன் டவர் கோட்டையில் சிறை. தேம்ஸ் நதியில் படகில் கொண்டுபோகும்போது இரு கரையிலும் ஜனங்கள் மண்டியிட்டு ஆசி கேட்டார்கள், டவர் காவல் சிப்பாய்களும் கேட்டார்கள்.

ஜூன் 29-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விசாரணை. ஜூரிகளைச் சாப்பாடு, நெருப்பு, விளக்கு இல்லாமல் இரவு முழுக்க அறைக்குள் பூட்டி வைத்தார்கள். ஆர்னல்ட் என்று ஒரு ஜூரி, அரண்மனைக்குப் பீர் காய்ச்சித் தருபவர், அவர் மட்டும் அசையவில்லை. குற்றமில்லை என்றால் அரசரின் வியாபாரம் போச்சு, குற்றம் என்றால் ஊர் முழுக்க வேறு எவனும் என்னிடம் பீர் வாங்க மாட்டான் என்று ஏற்கெனவே புலம்பியவர். இன்னொரு ஜூரி, ஆஸ்டின், நல்ல வாட்டசாட்டமான ஆள், இந்த மனுவைக் குற்றம் என்று நான் சொல்வதற்குள் புகையிலைக் குழாய் அளவுக்கு இளைத்துப்போனாலும் இங்கேயே கிடப்பேன் என்றாராம். காலை ஆறு மணிக்கு ஆர்னல்ட் இறங்கி வந்தார். பத்து மணிக்குத் தீர்ப்பு: குற்றமில்லை. ஹவுன்ஸ்லோ மைதானத்தில் முகாமிட்டிருந்த ஜேம்ஸின் சொந்தச் சிப்பாய்களே ஆரவாரம் செய்தார்கள். அதே ஜூன் 30 அன்று, ஏழு முக்கியஸ்தர்கள் வில்லியமுக்கு வரச்சொல்லி ரகசியக் கடிதம் எழுதினார்கள். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இந்த இரண்டு ஏழு பேரையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கடிதத்தில் கென்னின் பெயர் இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

நவம்பர் 5-இல் வில்லியம் படையோடு இறங்கினார், டிசம்பரில் ஜேம்ஸ் பிரான்ஸுக்குத் தப்பினார். அடுத்த ஜனவரியில் சிம்மாசனத்தை என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். கென்னுக்குச் சம்மதமாக இருந்த வழி: ஜேம்ஸ் பெயரளவில் அரசராக இருக்கட்டும், ஆட்சியை ஒரு ரீஜெண்ட் நடத்தட்டும். கெட்ட ஆட்சியிலிருந்து நாடும் தப்பும், சத்தியமும் நிற்கும். பிரபுக்கள் சபையில் அது 51-க்கு 49 என்று தோற்றது. இரண்டே ஓட்டு. வில்லியமும் மேரியும் அரசர் அரசியானார்கள், எல்லா பிஷப்புகளும் அவர்களுக்குப் புதிதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரடி பதில். ஜேம்ஸ் உயிரோடு இருக்கும்வரை அவருக்குச் செய்த சத்தியத்திலிருந்து தன்னை விடுவிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதில் கென்னுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜேம்ஸ் நல்லவரா கெட்டவரா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. சத்தியத்தால் கட்டுண்டு நின்றார் என்றதும் நம் ஆட்கள் பீஷ்மரைச் சொல்வார்கள், ஆனால் வித்தியாசம் பெரியது. பீஷ்மர் சிம்மாசனத்தில் இருந்தவனுக்காக அநியாயத்தின் பக்கம் நின்று வில்லெடுத்தார். கென் ஜேம்ஸின் அநியாயத்துக்கு உடன்படவும் இல்லை, ஜேம்ஸைத் திரும்பக் கொண்டுவர ஒரு சதியிலும் சேரவும் இல்லை. தன் வாயால் இன்னொரு சத்தியம் செய்ய மட்டும் மறுத்தார். டவருக்குப் போன ஏழு பேரில் ஐந்து பேர் இப்படி மறுத்தவர்கள். அதுவே போதும், இது ஒருத்தரின் தனிப்பட்ட விசித்திரம் இல்லை என்று தெரிய. அவர்களோடு ஏறக்குறைய 400 குருமார்களும் வாழ்வாதாரத்தை விட்டு வெளியே போனார்கள். நான்ஜூரர்கள், அதாவது சத்தியம் செய்யாதவர்கள், என்று வரலாற்றில் பேர் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

பிடிவாதமா என்று கேட்டீர்கள். பிடிவாதக்காரருக்குத் தூக்கம் கெடாது, கென்னுக்குக் கெட்டது. சத்தியம் செய்யலாமா என்று மாதக்கணக்கில் ஊசலாடினார். நண்பர் ஜார்ஜ் ஹூப்பர் ஒரு நாள் இரவு வாதாடிக் கிட்டத்தட்டச் சம்மதிக்கவே வைத்துவிட்டார். மறுநாள் காலை கென் சொன்னதன் சாரம் இது: நீங்களும் மற்றவர்களும் நல்ல மனச்சாட்சியோடுதான் சத்தியம் செய்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இனி என்னை வற்புறுத்தாதீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டுச் செய்துவிட்டு, பிறகு தப்பு என்று எனக்குப் பட்டால், உலகத்திலேயே என்னைப்போல் பாவப்பட்டவன் இருக்க மாட்டான். இதில் எங்கே பிடிவாதம் இருக்கிறது? எதிர்த்தரப்பை நல்லவர்கள் என்று ஒப்புக்கொண்டு, தன் எல்லை இது என்று மட்டும் சொல்கிற ஒருவரின் பேச்சு இது.

1689 ஆகஸ்டில் இடைநீக்கம், அடுத்த பிப்ரவரியில் பதவி நீக்கம். அவர் இடத்துக்கு முதலில் அழைக்கப்பட்டவர் வேண்டாம் என்றுவிட்டார், 1691-இல் ரிச்சர்ட் கிடர் வந்தார். கென் வெல்ஸ் கதீட்ரலில் தன் ஆசனத்தில் உட்கார்ந்து, திருச்சபைச் சட்டப்படி இன்னமும் பிஷப் நானே என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு வெளியேறினார். புத்தகங்களைத் தவிர எல்லாவற்றையும் விற்றதில் கிடைத்தது 700 பவுண்டு. அதை ஆக்ஸ்ஃபர்ட் காலத்து நண்பர் வெய்மத் பிரபுவிடம் கொடுத்தார், அவர் வருடத்துக்கு 80 பவுண்டு தருவதாக ஏற்று, தன் லாங்லீட் மாளிகையின் மேல்மாடியில் இடமும் கொடுத்தார். மீதி இருபது வருடம் பெரும்பாலும் அங்கேதான். கிடரைப் பற்றிக் கென் கடுமையாகப் பேசியிருக்கிறார், அந்த இடத்தில் அவர் தன் நிதானத்தை இழந்தார் என்றுதான் சொல்வேன். கிடர் கெட்டவர் இல்லை, அந்தப் பதவியை ஏற்றதற்குப் பலமுறை வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார்.

வேலையிழந்த குருமார்களின் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அவர்களுக்காக நிதி திரட்டக் கையெழுத்துப் போட்டார் என்று 1696-இல் அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் முன் கென்னை நிறுத்தினார்கள். கசங்கிய பழைய அங்கியோடு போய் நின்று அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: ஜேம்ஸ் காலத்தில் என் திருமண்டலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலகக்காரர்கள் சிறையில் இருந்தார்கள், அவர்களை இரவும் பகலும் போய்ப் பார்த்தேன், என்னால் முடிந்ததைக் கொடுத்தேன், மற்றவர்களையும் கொடுக்கச் சொன்னேன். ஜேம்ஸ் அதற்காக என்னை ஒரு குறையும் சொன்னதில்லை. கவுன்சில் அவரை விட்டுவிட்டது.

1703 நவம்பர் 26 இரவு இங்கிலாந்தைப் பெரும் புயல் தாக்கியது. வெல்ஸ் அரண்மனையில் புகைபோக்கி இடிந்து விழுந்து, படுக்கையிலேயே கிடரும் மனைவியும் இறந்தார்கள். கென் அன்றிரவு வில்ட்ஷயரில் தன் அக்கா மகன் வீட்டில் இருந்தார். அவர் தலைக்கு மேலிருந்த உத்தரம் சுவரிலிருந்து நழுவி, அரை அங்குலப் பிடிமானத்தில் நின்றதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கென்னுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று பேசச் சிலருக்கு இது வாய்ப்பாகப் போயிற்று. கென் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, இருவரின் சாவையும் துக்கமாகவே குறிப்பிட்டார்.

இப்போது வில்லியமுக்குப் பின் வந்த ஆன் அரசி காலம். பாத் அண்ட் வெல்ஸ் ஹூப்பருக்குப் போகிறது, ஆமாம், அந்த இரவு வாதாடிய அதே நண்பர். கென்னுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று ஹூப்பர் அரசியிடம் கேட்டார். கென்னுக்கு வயதும் வியாதியும், புதுச் சத்தியமும் குறுக்கே நின்றது. ஜேம்ஸ் 1701-இல் செத்துவிட்டார், ஆனால் அவர் மகனுக்கு உரிமை இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் உரிமையை ஹூப்பருக்கு விட்டுக்கொடுத்து, அதன்பிறகு முன்னாள் பிஷப் என்றே கையெழுத்துப் போட்டார். அரசி வருடம் 200 பவுண்டு உதவித்தொகை கொடுக்க ஹூப்பர்தான் ஏற்பாடு செய்தார்.

இதற்காக நான்ஜூரர்களிலேயே தீவிரமானவர்கள் கென்னைக் கண்டபடி ஏசினார்கள், சத்தியத்தை விற்றுவிட்டார் என்றுகூடச் சொன்னார்கள். உண்மையில் ஆரம்பத்திலிருந்தே அவருக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1694-இல் ரகசியமாகப் புது பிஷப்புகளை அபிஷேகம் செய்து தனித் திருச்சபை பரம்பரையை அவர்கள் தொடங்கியபோது கென் எதிர்த்தார். சத்தியத்தைக் காப்பது தன் தலைமுறையோடு முடிய வேண்டிய சுமை, அதற்காகச் சபையை நிரந்தரமாகப் பிளக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். 1710 தொடக்கத்தில் நாரிச் பிஷப்பாக இருந்த லாய்டு இறந்ததும், பதவி நீக்கப்பட்டவர்களில் மிஞ்சியவர் கென் ஒருவர்தான். இனி என்ன செய்வது என்று நான்ஜூரர்களில் கற்றறிந்தவரான டாட்வெல் என்பவர் கென்னுக்கு எழுதிக் கேட்டார். தன் பெயரில் எந்த உரிமையும் கோரப்போவதில்லை, பிளவு முடிவதையே விரும்புகிறேன் என்று கென் பதில் எழுதினார். டாட்வெல்லும், அவர் நண்பர் ராபர்ட் நெல்சனும், இன்னும் பலரும் அந்த ஆண்டே இருபது வருடத்துக்குப் பிறகு தங்கள் ஊர்ச் சர்ச்சுகளுக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 19-இல் கென் லாங்லீட்டில் இறந்தார், ஃப்ரூம் ஊர்ச் சர்ச்சின் வெளியே புதைத்தார்கள், அவர் கேட்டபடி ஊரின் பரம ஏழைகள் ஆறு பேர் தூக்கிப் போனார்கள். தன் சத்தியத்தை அவர் கடைசிவரை விடவில்லை, ஆனால் அதை அடுத்தவர் தலையில் கட்டவும் இல்லை. பிடிவாதம் என்ற வார்த்தையை நான் ஏற்காததற்கு இந்த 1710-ஆம் ஆண்டுக் கடிதமும் ஒரு முக்கியக் காரணம்.